முகத்தோடு வந்த மறுப்பு

நிருபராக இருந்த பதினோரு வருடங்களில் நான் எழுதியது ஒரே ஒரு பத்திரிகையில்தான் வந்தது. அதுவும் மாவட்டப் பக்கத்தில். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், உடைந்த குடிநீர்க் குழாய், கோயில் தேரோட்டம். அந்தப் பக்கத்தைப் பாதியாகக் குறைத்தபோது என்னையும் குறைத்துவிட்டார்கள். நாமக்கல்லில் ஒரு முட்டை நிறுவனத்தில் மக்கள் தொடர்பு அலுவலராகச் சேர்ந்தேன். அதன் பிறகு நான் எழுதுவது எல்லாப் பத்திரிகைகளிலும் வர ஆரம்பித்தது.

அதற்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. மாவட்ட நிருபர்கள் எல்லாரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவை நான் நடத்திவந்தேன். பத்திரிகைக் குறிப்பை அதில் போட்டால், மறுநாள் நாலைந்து நாளிதழ்களில் எழுத்து மாறாமல் வந்துவிடும். ஒருமுறை அவசரத்தில் ‘கோழிப்பண்ணை’யில் ‘ப்’ என்ற ஒற்றை விட்டுவிட்டேன். அத்தனை பேரும் ஒற்று இல்லாமலே போட்டிருந்தார்கள். காலையில் காப்பி குடித்தபடி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்தில் காட்டிச் சிரிக்க யாரும் இல்லை. மடித்து வைத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

சேலத்தில் நான் பிறந்த வீட்டை அம்மா இறந்த பிறகு அண்ணன் வாடகைக்கு விட்டுவிட்டு ஓசூருக்குப் போய்விட்டான். நான் நாமக்கல்லில் மோகனூர் சாலையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போவேன்; கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களும் கேட்பதை நிறுத்திவிட்ட வயது. ஒருமுறை காய்ச்சலில் எட்டு நாள் படுத்துவிட்டேன். குழுவில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஆறாம் நாள் ஒருவர், “மேடம், இந்த வாரம் குறிப்பு எதுவும் வரலையே?” என்று கேட்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை. எங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான்.

நிருபராக இருந்தபோது எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. செய்தியில் இடம் இல்லாததை அதில் எழுதுவேன். விபத்துச் செய்தியில் இறந்தவரின் பெயரும் வயதும் வரும். அவருடைய சட்டைப் பையில் இருந்த மளிகைச் சீட்டு வராது. அந்தச் சீட்டை வலைப்பூவில் எழுதுவேன். சென்னையில் ஒரு பத்திரிகைக்காரர் அதில் ஒன்றை அப்படியே எடுத்துத் தன் கட்டுரையில் சேர்த்துக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவும் இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ படிக்கிறார்கள் என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். எல்லாரும் முகநூலுக்குப் போன பிறகு வலைப்பூவுக்கு வருகிறவர்கள் குறைந்து, கடைசியில் நானும் போகாமல் விட்டேன்.

முட்டை நிறுவனத்தில் சேர்ந்த இரண்டாம் வருடம், வெயில் கொளுத்த ஆரம்பித்திருந்த ஒரு மாசி மாதக் கடைசியில், அந்த வீடியோ வந்தது. முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். வயதானவர், பரம்பரையாக விவசாயம் பார்த்துவந்த குடும்பம், பிற்பாடு கோழிப்பண்ணைக்கு வந்தவர்கள்.

“அம்மிணி, இதைப் பாருங்க. கேரளா யாவாரி அனுப்பியிருக்கிறாரு. ‘உங்க ஊரு முட்டை பிளாஸ்டிக்காமே’ங்கறாரு.”

ஒரு சமையலறை. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். ஓட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வு காகிதம் போலத் தடிப்பாக வந்தது. அதை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். “பாருங்க, கவரு மாதிரியே வருது. இது பிளாஸ்டிக்குங்க. பொறந்ததுல இருந்து முட்டை திங்கறோம், இப்படிப் பாத்ததில்லீங்க. புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க.” அடுப்பில் காட்டினார். அது பொசுங்கிச் சுருண்டது. அவர் பயந்து பின்னால் நகர்ந்தார். அவ்வளவுதான் வீடியோ.

அந்தப் பயம் நடிப்பு இல்லை என்பது எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். தெரிந்தேதான் மற்றதைச் செய்தேன்.

வெயிலில் நாள்பட்ட முட்டையின் சவ்வு காய்ந்து தடித்துவிடும். பொசுக்கினால் மயிர் கருகுகிற வாடைதான் வரும், பிளாஸ்டிக் வாடை வராது. எங்கள் பண்ணைகளுக்கு வரும் கால்நடை மருத்துவர் இதை இரண்டு நிமிடத்தில் அழகாக விளக்கினார். அதை மட்டும் போட்டிருந்தால் போதும். ஆனால் அதற்கு முன்பும் எங்கள் முகநூல் பக்கத்தில் மருத்துவர் பேசியிருக்கிறார். எங்கள் அலுவலக ஊழியர்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. எதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடம் அந்த வேலைதானே பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் சேனலைத் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த முட்டை வீடியோவைத் தவிர நாற்பத்து மூன்று வீடியோக்கள் இருந்தன. எல்லாம் சமையல். கொள்ளுப் பருப்பு, பச்சைப் புளி ரசம், குச்சிக்கிழங்குப் பொரியல். எதையும் இருநூறு பேருக்கு மேல் பார்த்திருக்கவில்லை. அவற்றை எல்லாம் அலுவலகக் கணினியில் இறக்கி, உட்கார்ந்து பார்த்தேன். மறுப்புக்கு ஏற்ற மாதிரி அவர் முகம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கடைசியில் முட்டை வீடியோவிலேயே கிடைத்தது. பயந்து நகரும்போது வாய் திறந்து, கண் பிதுங்கியிருந்த ஒரு நொடி. அதை நிறுத்தி, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டேன். கீழே ஒரு தலைப்பு: ‘உரிக்கத் தெரியாதவர் உளறியது.’ பிறகு மருத்துவரின் விளக்கம்.

எங்கள் முகநூல் பக்கத்திலும் குழுவிலும் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. “சூப்பர் மேடம்.” “தலைப்பு செம மேடம்.” என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு நிருபர் கூப்பிட்டார். அவரும் பத்திரிகை வேலை போய், சொந்தமாக ஒரு யூடியூப் செய்திச் சேனல் நடத்திக்கொண்டிருந்தார். நான் நிறுவனத்தில் சேர்ந்ததில் இருந்து அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்கு இருபது நிமிடம் பேசினார். “நீங்க இன்னும் நிருபர்தான் மேடம், எங்க போனாலும் அது போகாது” என்றார். மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் என் தலைப்பு. அவற்றின் இணையப் பக்கங்களிலும் அந்தப் பெண்ணின் வாய் திறந்த முகம். கேரள வியாபாரி சமாதானமாகிவிட்டார். முதலாளி அலுவலகம் முழுக்க ஜிலேபி கொடுக்கச் சொன்னார்.

மூன்று நாட்கள் என்னோடு பேச ஆட்கள் இருந்தார்கள். நான் எதற்காக அதைச் செய்தேன் என்று இப்போது யோசித்தால், நிறுவனத்துக்காக என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு அது என் கையை விட்டுப் போய்விட்டது. யாரோ அந்தப் படத்தில் சினிமா வசனத்தை ஒட்டினார்கள். ‘பிளாஸ்டிக் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். என் பழைய சக நிருபர் மைக்கோடு அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார். அந்த வீடியோவையும் பார்த்தேன். சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, பின்னால் கொல்லிமலை. “அக்கா, எந்தக் கடை முட்டைக்கா? பிளாஸ்டிக்கை எப்படிக்கா அவிச்சீங்க?” என்று அவர் கேட்கக் கேட்க, அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவை அரை நிமிடம் காட்டினார்கள். அதைத்தான் அதிகம் பேர் பார்த்திருந்தார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் சேனலைத் தேடினேன். அழித்துவிட்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் எங்கள் பக்கத்துக்கு வந்த கமெண்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். கேலிகளுக்கு நடுவில் ஒருவர் எழுதியிருந்தார். ‘ஐயா வணக்கம். நான் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறேன். சத்தீஸ்கரில் இருக்கிறேன். இந்த வீடியோவில் இருப்பது என் சம்சாரம். சேனலை அழித்துவிட்டது. இங்கே நாங்கள் ஏழு பேர் சாப்பிடும்போது அந்தச் சமையல் வீடியோவைப் பார்ப்போம். யாரிடமாவது பழைய வீடியோ இருந்தால் அனுப்பவும்.’ கீழே பதினைந்து பேர் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தார்கள். ஒருவர், ‘பிளாஸ்டிக் சாப்பாடா அண்ணே?’ என்று கேட்டிருந்தார்.

இங்கிருந்து ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போகிறவர்கள் வருடத்தில் எட்டு மாதம், பத்து மாதம் வெளியே இருப்பார்கள். நிருபராக அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதியதில்லை. அந்த நாற்பத்து மூன்று வீடியோவும் யாருக்காக என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவை என் கணினியில் இருந்தன. உலகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தன.

கமெண்டிலேயே அனுப்பியிருக்கலாம். யார் என்று சொல்லாமல் அனுப்பியிருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, எல்லாவற்றையும் என் போனில் ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் பேருந்தில் ஏறினேன். இறங்கி ஆட்டோக்காரரிடம், வாசல் வீடியோவில் சொல்லியிருந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். “யாரு, பிளாஸ்டிக் அக்கா ஊட்டுக்குங்களா?”

அந்தப் பெண் வாசலில் சாக்கை விரித்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தார்.

“ஏனுங்க, நீங்களும் டிவிக்காரவங்களா?”

“இல்லைங்க. கேமரா எதுவும் கொண்டுவரலை.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

“அந்த மறுப்பு வீடியோவைச் செஞ்சது நான்தாங்க. உங்க மூஞ்சியில சிவப்புக் குறி போட்டது நான்தான்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார், போகச் சொல்வார் என்று நின்றேன். அவர் திரும்ப உட்கார்ந்து கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். தோல் நீளமாக விழுந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“முட்டை நல்ல முட்டைதானுங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. வெயில்ல பழசாயிட்டா சவ்வு அப்படி ஆயிடும்.”

“அந்த டாக்டர் சொன்னதைக் கேட்டனுங்க. நல்லாத்தான் சொன்னாரு. எனக்கும் வெளங்குச்சு. நான் தப்பாச் சொல்லிப்போட்டேன், நெசந்தான்.” கத்தி நின்றது. “அதைச் சொல்லிப்போட்டு உட்டிருக்கலாமில்லீங்க. என்ற மூஞ்சி எதுக்குங்க?”

எனக்குப் பதில் தெரியும். முகம் இல்லாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? “தப்புதாங்க” என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். என்னை மன்னித்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. வந்தவரை நிற்க வைக்கக் கூடாது என்பதுதான். உட்கார்ந்தேன். மகள் ராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் படிக்கிறாள் என்றார். விடுதியில் போன் கிடையாது. ஆனால் போன வாரம் பார்க்கப் போனபோது மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் அவரை அடையாளம் கண்டு, ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்திருக்கிறார்கள். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

“இனி நீ வராதம்மா, நானே லீவுக்கு வந்தர்றேன்னு சொல்லிப்போட்டா. அதுதானுங்க எனக்குத் தாங்கலை. கடையில கிண்டல் பண்றதெல்லாம் பொறுத்துக்கலாம்.”

ஏன் வீடியோ போட ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். பழைய தொழில் புத்தி. கேள்வி தானாக வந்துவிட்டது.

“அவிய போயிட்டா ஊட்டுல பேச்சே இருக்காதுங்க. அடுப்புக்கு முன்னால போனை நிறுத்தி வெச்சுட்டு, இப்ப கடுகு போடறேன், இப்ப வெங்காயம் போடறேன்னு சொல்லிக்கிட்டே ஆக்குனா, யாரோ இருக்கற மாதிரி இருக்கும். அவிய அங்க பாத்துப்போட்டு, உப்பு கம்மியாப் போட்டுட்டியேன்னு போன் பண்ணுவாரு. அங்கிருந்துட்டு எப்படீங்க உப்பு தெரியும்? சும்மா பேசறதுக்குத்தான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நேரில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நாற்பத்து மூன்று வீடியோவில் அந்தச் சிரிப்பும் இருந்தது, அதை நான் எடுத்துக்கொள்ளவில்லையே என்று நினைத்தேன்.

போனில் இருந்த வீடியோக்களைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. முதலில் நம்பவில்லை. ரச வீடியோவை ஓடவிட்டேன். தன் குரலைக் கேட்டதும், “நிறுத்திப்போடுங்க” என்றார். “எனக்கு வேண்டாங்க. அதைப் பாக்கவே கூச்சமா இருக்குது. அவியளுக்கு அனுப்பிப்போடுங்க.” கணவருடைய எண்ணைச் சொன்னார். அங்கே உட்கார்ந்தே ஒவ்வொன்றாக அனுப்பினேன். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் வெகுநேரம் பிடித்தது. அவர் கிழங்கை வேகவைத்து, உப்புப் போட்டு ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். பாதி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ரிக் இரைச்சல். “யாருன்னு தெரியலைங்க, ரொம்ப நன்றிங்க சாமி.” நான் யார் என்று அந்தப் பெண் அவருக்குச் சொல்லவில்லை. என்னையும் சொல்லச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் போய், எங்கள் பக்கத்தில் இருந்து அந்த மறுப்பை எடுத்துவிட்டு மருத்துவர் பேசுவதை மட்டும் போடலாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பொம்பளையாளு மொகத்தைப் போட்டீங்கன்னு எனக்கும் அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துச்சு அம்மிணி. யாவாரம்னு கம்முனு இருந்துட்டேன். எடுத்துப்போடுங்க.”

எடுத்தேன். அது சுலபமாக இருந்தது. பிறகு குழுவில் ஒரு குறிப்புப் போட்டேன். அந்தப் பெண் வேண்டுமென்றே வதந்தி பரப்பவில்லை, அவர் படத்தைப் பயன்படுத்தியதற்கு வருந்துகிறோம், தயவுசெய்து நீங்களும் நீக்கிவிடுங்கள் என்று. நான் எழுதியதிலேயே அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். எல்லாரும் பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது. மறுநாள் எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை. இரண்டு இணையப் பக்கங்களில் படத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

பழைய சக நிருபரைக் கூப்பிட்டேன்.

“மேடம், நீங்கதானே அனுப்புனீங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். “என் சேனல்லயே அதிகம் ஓடுனது அதுதான். ஊரெல்லாம் போன பிறகு நான் ஒருத்தன் எடுத்து என்ன ஆகப்போவுது?”

“கதவைச் சாத்தினதைப் போட்டீங்களே, அதையாவது எடுங்க.”

“பாக்கறேன் மேடம்.”

எடுக்கவில்லை. அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை.

என் வலைப்பூவின் கடவுச்சொல்லை மறந்திருந்தேன். மீட்டெடுத்து, நடந்ததை எல்லாம் எழுதினேன். அந்தப் பெண்ணின் ஊரையும் எழுதவில்லை, முகத்தையும் எழுதவில்லை. நான் செய்ததை மட்டும் எழுதினேன். கமெண்ட் எதுவும் வரவில்லை. ஒரு வாரம் தினமும் காலையில் திறந்து பார்த்தேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

வேலையை நான் விடவில்லை. விட்டிருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும். எனக்கு வேறு வேலை தெரியாது. இப்போதும் குறிப்பு எழுதுகிறேன், இப்போதும் எழுத்து மாறாமல் வருகிறது. மறுப்பில் யார் முகமும் வேண்டாம் என்று மட்டும் ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன். அதனால் எங்கள் பக்கத்தை இப்போது குறைவான பேர்தான் பார்க்கிறார்கள். முதலாளி அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

அந்தப் பெண் சேனலைத் திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மதியம், ஆத்தூர் போகிற வழியில் வாழப்பாடி பேருந்து நிலையத்தில் இறங்கி நின்றுகொண்டிருந்தேன். அவர் எண்ணில் இருந்து ஒரு வீடியோ வந்தது; அன்றைக்குக் கிளம்பும்போது எண்களைக் கொடுத்து வாங்கியிருந்தோம். முட்டையில் இரத்தப் புள்ளி இருந்தால் கோழிக்கு நோய், சாப்பிட்டால் ஆபத்து என்று யாரோ ஒரு ஆண் கத்திக்கொண்டிருந்தார். கீழே அவருடைய எழுத்து: ‘இது நெசமுங்களா?’

உடனே கூப்பிட்டேன். பொய்தான், கோழிக்குள் சின்ன இரத்தக் குழாய் உடைந்தால் அப்படி வரும், நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம் என்றேன்.

“எல்லாரும் அனுப்பறாங்க. நான் யாருக்கும் அனுப்பலைங்க. கேட்டுப்போட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கறேன்.”

“நல்லதுங்க. மகள் எப்படி இருக்கா?”

“பரவால்லீங்க. பரிச்சைக்குப் படிக்கறா. போன மாசம் நான் போயிட்டுத்தான் வந்தேன்.”

“அவர் வந்துட்டாருங்களா?”

“பொங்கலுக்குத்தான் வாராரு.”

இன்னும் கொஞ்சம் பேசலாம் என்று இருந்தது. என்ன ஆக்கினீர்கள் என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர், “செரிங்க, அடுப்புல கொழம்பு இருக்குது, வெச்சுடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆத்தூர் பேருந்து வந்தது. கூட்டம் இல்லை. சன்னலோரமாக உட்கார்ந்தேன்.